ரிஸ்டென் நாலாம் நம்பருக்கு மாற்றினாள்

பனி ஸ்கூட்டரில் ரிஸ்டெனுக்குப் பிடிக்காத ஒரே விஷயம், அதை ஓட்டும் ஆம்பளைகள். நவம்பரில் பின் கிளட்ச்சின் ஸ்பிரிங்கை ஒருமுறை முறுக்கி மாட்டினால் மே மாதம்வரை அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள். அவளோ ஸ்பிரிங் முனையை மாட்டும் துளையை, காலையில் ஒரு நம்பர், மதியம் ஒரு நம்பர் என்று மாற்றுகிறவள்; நம்பர் ஏற ஏற முறுக்கும் ஏறும். கல்யாணமான முதல் குளிர்காலத்தில் ஐந்து பெல்ட்டைக் கருக்கிய பிறகு வந்த புத்தி அது. இறுகிய பனியில் ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் வண்டி அலட்டாமல் வேகம் பிடிக்கும், பெட்ரோலும் மிச்சம். இளகிய பனியில் பாரத்தோடு ஏறுவதென்றால் முறுக்கை ஏற்றியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பெல்ட் வழுக்கும், வண்டி திணறி உட்கார்ந்துவிடும்.

"அண்ணி, நாங்க சட்டை மாத்துறதைவிட நீங்க ஸ்பிரிங் மாத்துறது ஜாஸ்தி," என்பான் கொழுந்தன் நீல்லாஸ்.

"அதான் உன் பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டேங்கறாங்க," என்பாள்.

வடதுருவத்தை ஒட்டிய கவுத்துகெய்னோ ஊர்ப் பள்ளிச் சமையலறையில் அவளுக்கு வேலை. ஏப்ரலில் லீவு போட்டுவிட்டு, குட்டி போடப்போகும் குடும்பத்துத் துருவமான்களை ஓட்டிக்கொண்டு கடற்கரை மேய்ச்சலுக்குக் கிளம்பிவிடுவாள். புருஷன் அஸ்லத்துக்கு முதுகு போய்விட்டதால், இந்த வருஷம்தான் முதல்முதலாக மான் கூட்டத்துக்கு முன்னால் அவள் வண்டி. நீல்லாஸ் கிளம்பும்போதே கறாராகச் சொல்லிவிட்டான்: "கூட்டம் ஒரு தடவை வந்த வழியே திரும்பினாலும், அடுத்த வருஷத்துலேர்ந்து நான்தான் முன்னாடி." எல்லோரும் தலையாட்டினார்கள். வேறு வழியில்லாமல் அவளும் ஆட்டினாள்.

ஐந்தாம் நாள் மதியம் அந்தப் பெரிய ஏற்றம் வந்தது. வெயிலில் பனி கஞ்சியாகிக் கிடந்தது. அவள் வண்டியின் பின்னே சறுக்குவண்டியில் நடக்க முடியாத இரண்டு சினைமான்கள், அதன் பின்னே கயிற்றில் கட்டிய முன்னோடி மான், அதன் பின்னே ஆயிரத்துச் சொச்சம். ரிஸ்டென் அடிவாரத்திலேயே எஞ்சினை அணைத்தாள்.

நீல்லாஸ் பின்னாலிருந்து பறந்து வந்தான். "என்ன பண்றீங்க? இப்ப நின்னா எல்லாம் திரும்பிடும்!"

"ஏத்தத்துல நின்னாதான் திரும்பும். இங்க மேயும். கத்தாம தள்ளி நில்லு."

பெல்ட்டைக் கழற்றினாள், போல்ட்டை எடுத்தாள். ஸ்பிரிங்கின் முனையை இரண்டாம் துளையிலிருந்து நாலாம் துளைக்கு மாற்றி, கிளட்ச் தட்டை எதிர்ப்பக்கம் முறுக்கி அழுத்தினாள். நழுவிய தட்டு கட்டைவிரலைப் பதம் பார்த்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே மறுபடி முறுக்கினாள், இம்முறை உட்கார்ந்தது. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மான்கள் பனியைக் கிளறி மேய்ந்துகொண்டிருந்தன.

பயமில்லை என்றால் பொய். பாதி ஏற்றத்தில் வண்டி சற்றே புதைந்தது. ஆனால் எஞ்சின் அடங்கவில்லை, உறுமிக்கொண்டே நின்று இழுத்தது. உச்சியில் போய்த் திரும்பிப் பார்த்தாள். முன்னோடி மான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது, அதன் பின்னே மொத்தக் கூட்டமும் ஏறி வந்துகொண்டிருந்தது. ரிஸ்டெனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

கடைசியாக, கூடாரச் சாமான்களோடு ஏறிய நீல்லாஸ் நடுவழியில் உட்கார்ந்துவிட்டான். கருகிய ரப்பர் நாற்றம் உச்சிவரை வந்தது. மான்களைச் சித்தப்பா மகன் மிக்கலிடம் விட்டுவிட்டு, மாற்று பெல்ட்டை எடுத்துக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். வண்டியின் மூடியைத் திறந்து வைத்து, கையுறையைக் கழற்றிவிட்டு, அவன் முழங்காலிட்டிருந்தான்.

"எத்தனைல வச்சிருக்கீங்க அண்ணி?"

"நாலுல. மேல பனி இறுகிக் கிடக்கு, போனதும் ரெண்டுக்கு இறக்கணும்."

"போனதும் சொல்லுங்க, இறக்குறேன்," என்றான் நீல்லாஸ், நிமிர்ந்து பார்க்காமல். "அடுத்த வருஷமும் முன்னாடி போய் நீங்கதான சொல்லப் போறீங்க."