மூன்றாவது துவாரம்

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். பேய், ஆவி என்று யாராவது வாயைத் திறந்தாலே எழும்பிப் போகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான், ஆனால் என் முதுகில் இருப்பதை நான் என்ன செய்ய?

சண்டிலிப்பாயில் ஐயா செத்துப்போனார் என்று போன் வந்ததும் அரியாலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஓடினேன், பாதி வழியில் மணலில் சறுக்கி விழுந்து இடப்பக்கக் காறை எலும்பு முறிந்தது. நான் ஒரே மகன். கொள்ளிக்குடத்தை இடத் தோளில்தான் சுமக்க வேண்டும். கையைக் கட்டித் தொங்கவிட்டபடி நான் சுடலையில் நிற்க, எனக்காக அக்காவின் புருஷன் குடத்தைத் தூக்கினார். நான் வலக்கையால் அதைத் தொட்டுக்கொண்டு நடந்தேன். சுற்றுக்கு ஒன்றாகப் பின்னாலிருந்து கத்தியால் குடத்தில் துவாரம் போடுவார்கள், தண்ணீர் ஒழுகும், மூன்று சுற்று, மூன்று துவாரம். இரண்டாவது முடிந்ததும் அத்தானின் கால் இடறி, குடம் விழுந்து உடைந்துவிட்டது.

"பறவாயில்லையடா தம்பி, ரெண்டு ஓட்டை காணும், நீ கொள்ளியை வை," என்றார் அத்தான்.

வைத்தேன். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு அழுகை வரவில்லை.

ஐயாவுக்கு எட்டாம் நாள் படைக்கிற எட்டுச்செலவுக்கு முதல்நாள் காலையில் எனக்கு ஒப்பரேஷன். பெரிதாக வெட்டுவதில்லையாம், நெஞ்சுப் பக்கம் நகமளவு ஒரு துவாரம் போட்டு, அதன் வழியாக எலும்புக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்துவார்களாம். கழுத்தடியில் ஊசி போட்டுத் தோளை மரக்கச் செய்தார்கள். முழிப்போடுதான் கிடந்தேன். குத்திப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. ஐயா போனதிலிருந்து மனதும் அப்படித்தான் கிடந்தது.

அந்த மரத்த தோளில், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பாரம் வந்து இறங்கியது. நிறைகுடத்தின் பாரம். பிறகு பின்னால் ஒரு தட்டு. முதுகில் குளிர்ந்த தண்ணீர் வழிந்தது.

எல்லாம் முடிந்து என்னைத் திருப்பிய தாதி, "டொக்டர், இவருக்குக் கீழை எல்லாம் ஈரமாக் கிடக்கு. ரத்தமில்லை, தண்ணி," என்றார். வைத்தியர் குனிந்து என் தோளின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"நான் முன்னாலை ஒரு ஓட்டைதானே போட்டனான். இதை ஆர் போட்டது?"

விழுந்தபோது பட்ட காயம் என்பீர்கள். உள்ளே கொண்டுபோக முன் என் முதுகை மருந்து போட்டுத் துடைத்தவர் அதே தாதிதான். அப்போது அங்கே ஒன்றுமில்லை.

கம்பியையும் பிறகு எடுத்துவிட்டார்கள். முன்னால் உள்ள தழும்பைத் தேடித்தான் காண வேண்டும். பின்னால் இருப்பதும் காய்ந்துதான் கிடக்கிறது. ஆனால் அமாவாசைக்கு ஐயாவுக்காக விரதமிருந்து, குளித்து, நன்றாகத் துடைத்துச் சட்டை போட்டால், அந்த இடம் மட்டும் நனைந்துவிடுகிறது. ஐயாவுக்காக நான் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.