ஆள் கிடக்காமல் ஊதிய சங்கு

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். பயத்தினால் அல்ல, எனக்கு அதில் நம்பிக்கையே கிடையாது. தாராவியில் நம் ஆட்கள் வீட்டில் சாவு விழுந்தால் சங்கும் சேகண்டியும் கொண்டு போகிறவன் நான். மற்ற நாளில் தோல் பட்டறையில் பெல்ட் வெட்டுகிற வேலை. எத்தனையோ பேரை எரியவிட்டுத் தனியாக நடந்து வீடு வந்திருக்கிறேன், ஒரு நாளும் எதுவும் என் பின்னால் வந்ததில்லை. அதனால் இதைப் படித்து நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை. நான்காம் வகுப்போடு நின்றவன், கதை கட்டத் தெரியாது.

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு சாவில் நான் ஊதியதைக் கேட்டுவிட்டு ஆதித்யா என்ற பையன் என்னைத் தேடி வந்தான். செம்பூர்க்காரன், தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. அவனும் சிநேகிதர்களும் பாட்டு ஆல்பம் போடுகிறார்களாம், பிளாக் மெட்டல் என்று அதற்குப் பெயராம். போனில் போட்டுக் காட்டினான். தகரக் கூரையில் ஓயாமல் மழை பெய்கிற மாதிரி கிதார், அதற்குள்ளிருந்து ஒருவன் தொண்டை கிழியக் கத்துகிறான், ஆனாலும் கேட்கக் கேட்கப் பனிமூட்டத்துக்குள் நிற்கிற மாதிரி இருந்தது, மோசம் என்று சொல்ல முடியாது. ஆல்பம் முழுக்க ஒரே ஒரு சாவு ஊர்வலம்தான், கொம்பு, சாரங்கி, மாட்டுக் கழுத்து மணி எல்லாம் சேர்த்தாகிவிட்டது, சாவுச் சங்குதான் பாக்கி என்றான். எனக்கு யாரிடமும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல வராது. போனேன்.

செம்பூரில் ஒரு கட்டடத்தின் அடியில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறை. மத்தியான நேரம், ஆனால் வெளிச்சமும் வராது, வெளியிலிருந்து சத்தமும் வராது. பிணம் எடுப்பதிலிருந்து சுடுகாடு வரை வரிசையாக ஊதச் சொன்னான். எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கிடக்கிறவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சங்கை வாயில் வைக்க வேண்டும், யாருக்கு ஊதுகிறோம் என்று சங்குக்குத் தெரிய வேண்டுமாம். ஆள் கிடக்காத இடத்தில் ஊதுவதே இல்லை. அதைச் சொன்னதும் அவர்களில் ஒருவன் தரையில் மல்லாந்து படுத்து, கால் கட்டைவிரல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, "லோ அண்ணா, மர் கயா" என்றான். செத்துவிட்டானாம். எல்லோரும் சிரித்தார்கள். உயிரோடிருக்கிற பிள்ளையைப் பார்த்து ஊத எனக்கு மனசு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். முகம் பார்த்தே பழகிய மனசு சும்மா இருக்குமா, காலையில் ஏணியடியில் சோத்து டப்பாவை நீட்டிய என் மகள் செல்வியின் முகம் வந்து நின்றது. அதற்குள் மூச்சு சங்குக்குள் போய்விட்டது.

செல்விக்குப் பத்தொன்பது வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. அவளுக்கு உள்ளது ஒரே ஒரு சொல். எங்கள் வீடு ஏணி ஏறிப் போகிற மேல் அறை. நான் ஏணியில் கால் வைத்தால் அந்த அதிர்வு அவளுக்குத் தெரியும், எட்டிப் பார்த்து "ப்பா" என்பாள். இருமல் மாதிரி தொடங்கி, மூக்கில் ஏறி, கீச்சென்று முடியும். அந்தச் சத்தம் வேறு யாருக்கும் வராது.

ஊதி முடித்ததும் ஹெட்போனை மாட்டிக் கேட்கச் சொன்னார்கள். கடைசி ஊதலுக்கும் சேகண்டிச் சத்தத்துக்கும் நடுவே, "ப்பா".

நம்பினால் நம்புங்கள். அந்தப் பையன்களும் கேட்டார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அது என் பிள்ளை, எடுத்துவிடு தம்பி என்றேன்.

"அண்ணா, பாட்டோட மொத்த உயிரே அங்கதான் இருக்கு. இத எடுத்துட்டா ஆல்பத்துல என்ன இருக்கு?" என்றான் ஆதித்யா.

வீட்டுக்கு வந்து ஏணியில் கால் வைத்தேன். செல்வி எட்டிப் பார்த்தாள், சிரித்தாள், வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"மத்தியானம் சாப்பிடயில தொண்டையப் புடிச்சிட்டு உக்காந்துட்டா. அதுலருந்து சத்தமே இல்ல, பாத்தியளா" என்றாள் என் மனைவி.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பேச்சே இல்லாத பெண்ணுக்கு எது போய்விட்டது என்று வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். மறுபடி செம்பூர் போனேன், அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆதித்யா தோளில் கை போட்டு என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டான். "பேசவே வராதுன்னு நீங்கதான சொல்றீங்க அண்ணா. அப்புறம் அது எப்படி அவ வாய்ஸ் ஆகும்?"

ஆல்பம் வெளியே வந்தது. என் பிள்ளை என்னைக் கூப்பிட்டுக் கேட்டு நாளாகிவிட்டது. ஆசை தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணியடியில் உட்கார்ந்து போனைக் காதோடு வைத்துக்கொண்டு அந்தப் பாட்டைப் போட்டேன். அத்தனை கத்தலையும் பொறுத்துக்கொண்டு கடைசி வரை காத்திருந்தேன். "ப்பா" என்றது. அப்போதே மேலே பாத்திரம் உருண்டது, என் மனைவி கூப்பிட்டாள், பிள்ளைக்கு மூச்சுத் திணறுகிறது என்று. ஏறிப் போய்ப் பார்த்தால் செல்வி இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள். தற்செயல் என்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் இன்னொரு நாள் அவள் தூங்கும்போது போட்டுப் பார்த்தேன். அதை எழுத வேண்டாம். போனிலிருந்து பாட்டை அழித்துவிட்டேன்.

நான் அழித்து என்ன ஆகும்? நன்றாகத் தலை வாரிக்கொண்டிருப்பாள், சீப்பு பாதியில் நின்றுவிடும். கழுத்துக் குழி ஒருமுறை துடிக்கும், கை அங்கே போகும். எந்த ஊரிலோ யாரோ அந்தப் பாட்டைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன். முன்பெல்லாம் எப்போதாவதுதான் வரும். இப்போது ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது, சோறு இறங்குவதில்லை.

நேற்று ஆதித்யா போன் செய்தான். நார்வே என்று ஒரு நாடாம், அங்கே யாரோ பெரிய ஆள் கேட்டுவிட்டு எல்லோரையும் கேட்கச் சொல்லியிருக்கிறாராம்.

"இப்பதான் அண்ணா ஆல்பம் ஓடவே ஆரம்பிச்சிருக்கு" என்றான்.