பெட்ரோல் மூடியில் ஒரு பொட்டுச் சந்தனம்

மீன்சுருட்டி அமிர்தலிங்கத்திடம் ஒரு பழைய மொபெட் இருக்கிறது. அதை வண்டி என்று சொல்பவர் அவர் ஒருவர்தான். அவர் மனைவி பஞ்சவர்ணம் 'அது' என்பாள்.

கங்கை வரை படை போய்வந்ததன் நினைவாகச் சோழன் எழுப்பிய ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது. இந்த மொபெட் அந்த ஊரை ஒரே மூச்சில் தாண்டியதில்லை. மீன்சுருட்டி ஊருக்குள் குதிரையாக ஓடும். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரம் கண்ணில் பட்டதும் இருமிவிட்டு நின்றுவிடும். அமிர்தலிங்கம் இறங்கி, பெட்ரோல் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார். பெட்ரோல் இருக்கும். மூடிவிட்டு மிதித்தால் கொஞ்ச தூரம் ஓடும். பிறகு மறுபடி நிற்கும்.

"இதுக்கு நோவு ஒண்ணும் கெடையாது. அப்பப்ப நலம் விசாரிக்கணும், அவ்வளவுதான்" என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு.

மெக்கானிக் முத்தமிழ்செல்வன் பிளக்கை மாற்றினான். கார்புரேட்டரைக் கழுவினான். தெருவில் ஒரு ரவுண்டு அடித்தான். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அது அடக்கமாக ஓடியது.

"வண்டி நல்லாத்தாண்ணே இருக்கு. சாமிக்கு ஏதும் வேண்டுதல் பாக்கி வச்சிருக்கீங்களா?"

"எனக்கு இல்ல தம்பி. வண்டிக்கு இருக்கான்னுதான் தெரியல."

பஞ்சவர்ணத்துக்கு இதில் சிரிப்பு வரவில்லை. உடையார்பாளையத்தில் அவள் தம்பி சின்னதுரை புதுவீடு குடிபோகிறான். போன விசேஷத்துக்கு வழியெல்லாம் நலம் விசாரித்துக்கொண்டே போனதில், இலை எடுக்கும் நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தார்கள். தம்பி பெண்டாட்டி சிரித்த சிரிப்பு இன்னும் அவள் காதில் இருக்கிறது.

"இந்தத் தடவ அது மட்டும் என்னைய லேட்டாக்கி வுட்டுச்சு, மறுநாளே பழைய இரும்புக்காரன்கிட்ட எடைக்குப் போட்டுருவேன். பிரிய முடியலன்னா நீங்களும் தராசுல ஏறிக்குங்க!"

குடிபோகிற அன்று சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு பஞ்சவர்ணம் பின்னால் உட்கார்ந்தாள். கோபுரம் தெரிந்தது. வண்டி நின்றது.

அமிர்தலிங்கம் மூடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே குனிந்து, "இன்னிக்கு ஒருநா மட்டும்டா, கண்ணு" என்று கெஞ்சினார்.

பஞ்சவர்ணம் மூடியைப் பார்த்தாள். வருடாவருடம் ஆயுத பூசைக்கு அப்பிய சந்தனம் காய்ந்து, தோண்டினால் அடுக்கடுக்காகச் சரித்திரம் கிடைக்கும்போல் இருந்தது. சாமிக்கு வைத்த சந்தனத்தைத் துடைக்கக் கூடாது என்பது அமிர்தலிங்கத்தின் கொள்கை.

"கருமம். என் தம்பி பொண்டாட்டி பாத்தா இதுக்கும் சிரிப்பா!" என்று வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, பாத்திரம் விளக்குகிறவளின் ரோஷத்தோடு சுரண்டித் தள்ளினாள்.

அந்த மூடியில், காற்று போவதற்கென்று ஊசிமுனை அளவு துளை ஒன்று உண்டு. அது அடைத்தால் கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்தால்தான் இறங்கும். இந்தச் செய்தி தம்பதியர் இருவருக்கும் இன்றுவரை எட்டவில்லை. துளைக்குள் இருந்த சந்தனமும் ஊக்கோடு வந்துவிட்டது.

அப்புறம் வண்டி ஜெயங்கொண்டத்தில் நிற்கவில்லை. முந்திரிக் கொல்லைகளைத் தாண்டியும் நிற்கவில்லை. அமிர்தலிங்கத்துக்கே பயம் வந்துவிட்டது.

"ஏன் பஞ்சு, நிக்கவே மாட்டேங்குதே?"

"பேசாம ஓட்டுங்க. இரும்புக்கடைன்னதும் பயந்துபோச்சு."

பால் காய்ச்சுவதற்கு முன்பே போய் இறங்கினார்கள். சின்னதுரை வாசலுக்கு ஓடி வந்தான்.

"என்னக்கா, மொத பஸ்ஸப் புடிச்சிட்டியா?"

"பஸ்ஸு என்னாத்துக்கு? எங்க வண்டியிலதான் வந்தோம்" என்றாள் பஞ்சவர்ணம், தம்பி பெண்டாட்டிக்கும் கேட்கிற மாதிரி.

இரும்புக்கடைப் பேச்சு அதோடு ஒழிந்தது. அடுத்த ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவி நிறுத்தினார் அமிர்தலிங்கம். சந்தனத்தைப் பஞ்சவர்ணமே கெட்டியாக அரைத்து எடுத்துவந்தாள்.

"போன வருசம் நீங்க சந்தனத்தக் கொறச்சிட்டீங்க. அதான் மக்கர் பண்ணிருக்கு" என்று சொல்லி, மூடியின் நட்ட நடுவில், கட்டைவிரலால் அழுத்தி, பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.