குளம்புக் கொக்கி

லண்டன் சவுத்தாலில் என் மச்சாளின் வீட்டுப் பின்கதவுக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் சிறிய இரும்புக் கொக்கி ஒன்று தொங்குகிறது. குதிரையின் குளம்புக்குள் சிக்கிய கல்லையும் சேற்றையும் கிண்டி எடுப்பதற்கானது அது. அந்த வீட்டில் குதிரை இல்லை. மகனின் காற்பந்துச் சப்பாத்தில் அப்பிய மண்ணை அவள் அந்தக் கொக்கியால்தான் சுரண்டுவாள்.

எண்பதுகளின் கடைசியில், லூயிஷாமில் இருந்த, போருக்குத் தப்பி வந்த தமிழ்ப் பெடியளான எங்கள் இளைஞர் மன்றம் வேல்ஸ் மலைகளுக்குள் பல நாள் குதிரைப் பயணம் ஒன்றை ஒழுங்கு செய்தது. நான் படிப்பைப் பாதியில் விட்டுப் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்காவது போவதென்றால் எனக்குப் போதும். மச்சாள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. விமானம் குண்டு போட்ட தெருவிலிருந்து வந்தவள். கட்டிலின் கீழேதான் படுப்பாள். வீட்டைவிட்டு வெளிக்கிட மாட்டாள். இதுவாவது அவளை வெளியே கொண்டுவராதா என்று அவளின் அம்மா, என் மாமி, ஏங்கினார். ஆனாலும் புறுபுறுத்தார்: "குதிரையால விழுந்து கால் முறிஞ்சா இவளை ஆர் கட்டுவான்? தம்பி, நீ கூட்டிக்கொண்டு போறாய். நீதான் கூட்டிக்கொண்டு வரவேணும்."

அவளுக்குக் கிடைத்தது ஒரு கிழட்டுச் சாம்பல் குதிரை. 'பென்சன் எடுத்த குதிரை' என்று பெடியள் பகிடி பண்ணினார்கள். அவள் காலையும் மாலையும் அதன் குளம்புகளை ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திக் கொக்கியால் கிண்டித் துப்புரவாக்கினாள். கூடாரம் ஒழுகியது, எல்லோருக்கும் தொடை உரிந்திருந்தது. அதெல்லாம் அவளுக்குப் பொருட்டாக இருக்கவில்லை.

ஒரு மதியம் மலைமுகட்டில் போய்க்கொண்டிருந்தபோது, பயிற்சிப் போர்விமானம் ஒன்று தலைக்கு மேலால் தாழப் பறந்தது. நாங்கள் அத்தனை பேரும் குதிரைகளிலிருந்து குதித்துக் குப்புறப் படுத்துவிட்டோம். வழிகாட்டியான வேல்ஸ்காரப் பெண் திகைத்துப்போனாள். குதிரைகளுக்கு அந்தச் சத்தம் பழக்கம், அவை அசையவில்லை. நான் பாறையில் விழுந்ததில் தோளெலும்பு முறிந்தது.

மச்சாளும் படுத்துத்தான் இருந்தாள். ஆனால் கடிவாள வாரை விடவில்லை. அதை இழுத்திழுத்துக் குதிரையையும் படுக்கவைக்கப் பார்த்தாள். "படுடா ராசா, படு. குண்டு போடப்போறாங்கள்" என்று அழுதாள். அது அவள் தலைமாட்டில் நின்று புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. விமானம் போய்ச் சத்தம் அடங்கிய பிறகும் கடித்தது. அவள் கிடந்தபடியே அதைப் பார்த்தாள். பிறகு மெல்ல எழும்பி அதன் கழுத்தில் முகத்தை வைத்தாள்.

என்னை ஏற்ற அடிவாரத்துக்கு வான் வண்டி ஒன்று வந்தது. பயந்தவர்களும் அதில் போகலாம் என்றார்கள். மச்சாளின் பையையும் பெடியள் ஏற்றிவிட்டார்கள். அவள் என்னோடு வருவாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அவள் வந்து பையை இறக்கினாள்.

"நீங்கள் போங்கோ மச்சான். நான் இவனோட வாறன்."

மாமிக்கு என்ன பதில் சொல்வது என்ற யோசனை தோள் நோவைவிடப் பெரிதாக இருந்தது. பயணம் முடிந்த நாளில் லாயத்தின் வாசலில், கையைக் கட்டித் தொங்கவிட்டபடி நின்றேன். மழைக்குள் எல்லோருக்கும் கடைசியாகச் சாம்பல் குதிரை வந்தது. மேலே மச்சாள், முழங்கால்வரை சேறு. இறங்கியதும் என்னைப் பார்க்கவில்லை. குளம்பைத்தான் தூக்கிப் பார்த்தாள். கொக்கியை அவளே வைத்திருக்கட்டும் என்று வழிகாட்டி சொல்லிவிட்டாள்.

அதன் பிறகும் கனநாள் அவள் கட்டிலின் கீழேதான் படுத்தாள். ஆனால் பகலில் தனியாகக் கடைக்குப் போய்வரத் தொடங்கினாள்.

நான் எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை மாறிவிட்டேன். குளிருக்குத் தோள் இன்னும் நோகும். சவுத்தாலுக்குப் போனால் அவள் வீட்டுப் பின்வளவில் இருப்பேன். ஹீத்ரோவில் இறங்கும் விமானங்கள் கூரையை உரசுவதுபோலப் போகும். என் முதுகு தானாகக் குனியும். மச்சாள் படியில் குந்தியிருந்து கொக்கியால் சப்பாத்தைக் கிண்டிக்கொண்டிருப்பாள். தலையை நிமிர்த்தாமலே சொல்வாள்: "தேத்தண்ணி ஆறுது மச்சான், குடியுங்கோ."