மூடியில்லாத நொடி

ஆயுதப்படைத் தலைமைக் காவலர் தேவகனி, துப்பாக்கி சுடும் போட்டிகளில் பதக்கம் வாங்கியவள். ஒலி கேட்டதும் இடுப்பிலிருந்து உருவிச் சுட அவளுக்கு ஒரு நொடி போதும். ஆனால் போட்டியில் துப்பாக்கி இருப்பது திறந்த உறையில். பணிக்குக் கொடுக்கும் தோலுறைக்கு மேல்மூடி உண்டு, பொத்தானும் உண்டு. மழைக்காலத்தில் அது இறுகிவிடும். கணவர் சப்-இன்ஸ்பெக்டர் எட்வின்ராஜின் உறைக்கு, ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து தேங்காயெண்ணெய் தடவுவதும் அவள்தான்.

தோவாளைப் பக்கம் ஒரு ரவுடி அரிவாளை ஓங்கியதும், எட்வின்ராஜ் கண்ணிமைக்கும் நேரத்தில் உருவிச் சுட்டாராம். பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. எழுதியவர்கள் யாரும் உறையைப் பார்த்ததில்லை போலும். போதகர் சபையில் எட்வின்ராஜின் பேர் சொல்லி ஜெபித்தார். தேவகனியால் மட்டும் ஆமென் சொல்ல முடியவில்லை.

மரச்சீனிக்கிழங்கைத் தட்டில் வைத்தபடி கேட்டாள்.

"அந்த மூடிய என்னாலயே சட்டுன்னு தொறக்க முடியாது. நீங்க எப்படித் தொறந்திய?"

"அது மொதல்லயே தொறந்துதான் கெடந்துச்சுட்டி."

"அவன் அருவாள எடுக்கதுக்கு முன்னாலயா?"

அவள் இன்னும் மீன்குழம்பு ஊற்றவில்லை. எட்வின்ராஜ் வெறுங்கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தார்.