கதவுக்கு வெளியே நின்ற மருத்துவச்சி

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. அரிசி மூட்டைகள் பண்டாரவளையிலிருந்து மாட்டு வண்டியில் வரும். என் கணவர் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே குடியிருந்தோம். ஒரு நாள் காலை மூட்டை இறக்கும்போது, சரிந்த மூட்டையைத் தாங்கப் போனவர் "ஐயோ" என்று அலறினார். ஓடிப் போய்ப் பார்த்தால், குனிந்தவர் குனிந்தபடியே நிற்கிறார். வண்டிக்காரரும் நானும் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம்.

டாக்டர் வந்து காலைத் தூக்கச் சொன்னார், விரலை அசைக்கச் சொன்னார். எலும்பு முறியவில்லை, தசைப் பிடிப்புதான் என்று தைலம் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. எங்கள் தெருவில் ஒருவர் மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே விளங்காமல் பின்னறையிலேயே கிடந்தார். அவர் முகம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. கணவர் கண்ணயரும்போதெல்லாம் அவர் கால் பெருவிரலைக் கிள்ளிப் பார்ப்பேன்.

"ஏன்டி, நோகுது!" என்று ஒரு தடவை கத்தினார்.

"நோகுதா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். நிம்மதியில் வந்த அழுகை அது.

படுக்கப் படுக்க உடம்பு இன்னும் இறுகிப் போனது. அசைந்தால் உள்ளே ஏதோ அறுந்துவிடும் என்று அவருக்குப் பயம். எழுந்து போக வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டார்.

அப்போது எங்கள் மகள் கைக்குழந்தை. எனக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி, அவளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வருவார். பிரசவத்துக்குப் பிறகு என் இடுப்பு வலியைக் கையால் அமுக்கியே ஆற்றியவர் அந்த அம்மாதான். அவரிடம் கெஞ்சினேன்.

"ஆம்பள உடம்ப நான் தொட்டதில்ல தாயி."

"சொல்லிக் குடுங்க அக்கா, நான் செய்றேன்."

அந்த அம்மா யோசித்தார். "காலு மரத்துப் போச்சா? ஒண்ணுக்கு ஒழுங்கா போறாரா?"

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"சரி, பாப்போம். ஆனா எனக்குப் பொம்பளைங்க இடுப்புதான் தெரியும். அதையும் சொல்லிப்புட்டேன்."

அதைக் கேட்டதும் என் பயம் இரட்டிப்பானது. இருந்தாலும் மறுநாள் நல்லெண்ணெயைச் சூடு பண்ணினேன். அந்த அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவுக்கு வெளியே, முதுகைக் காட்டி நின்றார்.

"குப்புறப் படுத்திருக்காரா? நடு எலும்பு மேல கை வைக்காத. ரெண்டு பக்கமும் சதையில கட்டவிரல வச்சு, மெல்ல அமுக்கு."

சொன்னபடி கட்டைவிரலை வைத்தேன். கணவர் முனகினார். "கட்டி மாதிரி இருக்குக்கா!" என்றேன். "அதுதான் பிடிப்பு. அங்கேயே கைய வச்சு அமுக்கு, அவர மூச்ச விடச் சொல்லு." அமுக்கினேன். முனகல் நின்றது. சத்தமே இல்லை. எனக்கு உயிர் போய்விட்டது.

"அக்கா, அவரு பேச மாட்டேங்கிறாரு! ஏதோ ஒடச்சுப்புட்டேன் போலிருக்கு!"

"மூச்சு இருக்கா பாரு!"

குனிந்து காதை வைத்தேன். குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்தது பயிற்சி. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை ஊன்றி, இடுப்பை மெல்லத் தூக்கி இறக்க வேண்டும். "பிள்ள பெத்தவ செய்றத நான் செய்யணுமா?" என்று கோபித்தார். கதவைத் தாழ்ப்பாள் போட்ட பிறகு செய்தார். முதலில் இடுப்பு பாயை விட்டு எழவே இல்லை. அவர் நெற்றியில் வியர்வையைப் பார்த்து நான் நிறுத்தச் சொன்னேன். அந்த அம்மா வெளியிலிருந்தே என்னைக் கடிந்துகொண்டார். "ரொம்ப வலிச்சா நிறுத்து. அதுக்காகப் படுத்தே கெடக்க விடாத. நடக்க வை."

அறையிலிருந்து கடை வரை நடந்தார். பிறகு தெருமுனை வரை. பிறகு ஆற்றுப் பாலம் வரை தனியாகப் போகத் தொடங்கினார். அவர் திரும்பும் வரை நான் வாசலை விட்டு நகர மாட்டேன். ஒரு நாள் வெகு நேரமாகியும் ஆளைக் காணவில்லை. எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மனுஷன் பாலத்தருகே நின்று யாரிடமோ மிளகாய் விலை பேசிக்கொண்டிருந்தார். நடுத்தெரு என்றும் பார்க்காமல் சத்தம் போட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு, வீடு வரை என் பக்கத்திலேயே நடந்து வந்தார்.

வலி அடியோடு போய்விடவில்லை. மூட்டை தூக்குவதை விட்டார். பயிற்சியை விடவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். அந்த நாட்களில் காலையில் எண்ணெய் தேய்த்து அமுக்கிவிடுவேன். அவர் சுவரைப் பிடித்து எழுந்து, முழுதாக நிமிர்ந்து நிற்கும் வரை எனக்கு மூச்சு சீராக வராது.

"போதும் புள்ள, கடையத் தெறக்கணும்" என்று அவர் சட்டையைத் தேடுவார்.