ஈயப் புகை

வீட்டிலேயே நான் செய்த மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் விளக்கு எரிகிறது. சிப் மட்டும் கணினிக்குப் பதில் சொல்ல மறுக்கிறது. அதன் கால்களை மறுபடியும் ஈயம் வைத்துப் பற்றவைக்கிறேன். ஈயப் புகை மூக்கில் ஏறியதும் சிறுவயதில் இருந்த தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து லயத்து அடுப்படி வந்துவிடுகிறது.

அறுந்துபோன ரேடியோ வயரை, அடுப்பில் பழுக்கவைத்த கம்பியால் ஈயத்தை உருக்கி அப்பா ஒட்டிக்கொண்டிருந்தார். நாவலப்பிட்டியில் பெரியம்மா இழுத்துக்கொண்டு கிடந்தார். ரேடியோவில் மரண அறிவித்தல் வாசிக்கும் நேரம் நெருங்க நெருங்க, "பேசுதாங்க?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். ரேடியோ அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை.

நான்காம் நாள் பெரியம்மாவின் மகன் வாசலில் வந்து நின்றார்.

"ரேடியோவுல சொன்னோமே சித்தி, மண்ணு போடக்கூட வரலையே?"

கம்பியும் கையுமாக இருந்த அப்பா, அதை மறுபடியும் அடுப்புக்குள் செருகினார்.

இந்தப் புகை அம்மாவுக்கும் எட்டியிருக்க வேண்டும். அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. உள்ளறையிலிருந்து அவரிடம் கேட்கிறாள்:

"பேசுதாங்க?"